வாட்ச் அண்ட் வார்டு: எதற்கு இரண்டு காவல்?

கேள்வி இதுதான்: "சட்டசபைச் செய்திகளில் 'வாட்ச் அண்ட் வார்டு' என்று வருகிறது. இரண்டுக்கும் காவல் என்றுதானே பொருள்? ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு சொல்? அப்புறம், கையில் கட்டுகிற வாட்சுக்கும் கேட்டில் நிற்கிற வாட்ச்மேனுக்கும் ஏதாவது உறவு உண்டா?"

உறவு உண்டு. இரண்டு சொல்லும் ஒன்றல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலேயச் சட்ட வழக்கில் வாட்ச் என்றால் இராக்காவல், வார்டு என்றால் பகல் காவல். பொழுது சாய்ந்ததும் வார்டு முடியும், வாட்ச் தொடங்கும். இவ்வளவு போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சுவையெல்லாம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

வாட்ச் என்ற சொல்லின் வேரில் காவலும் இல்லை, பார்வையும் இல்லை. அங்கே இருப்பது விழிப்பு. தூங்காமல் இருப்பது, அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் 'வாச்சன்' என்பது போல ஒலித்த வினைச்சொல் அது; எழுவதைக் குறிக்கும் 'வேக்' அதன் உடன்பிறப்பு. இராத்திரி எல்லாரும் தூங்கும்போது ஒருவன் விழித்திருந்தால் அவன் எதையோ காக்கிறான் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் விழிப்பு காவலாயிற்று. காவலிருப்பவன் நாலு பக்கமும் பார்க்க வேண்டும், அதனால் காவல் பார்வையாயிற்று. இன்று நாம் டிவியை 'வாட்ச்' பண்ணுவது அந்த வரிசையில் கடைசியாக வந்த பொருள்.

விழிப்புதான் மூலம் என்பதற்குச் சான்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது வேட்டைப் பறவைகளைப் பழக்கும் தொழிலை. இங்கிலாந்தில் புதிதாகப் பிடித்த வல்லூறைப் பழக்குகிறவர்கள், தோலுறை போட்ட கைமேல் அதை உட்காரவைத்து, இராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்திருப்பார்கள். சில இரவுகள் இப்படிக் கழிந்தால் பறவை சோர்ந்து, மனிதன் கையிலேயே இரை தின்னத் தொடங்கும். இந்த வேலைக்குப் பெயர் 'பறவையை வாட்ச் பண்ணுவது'. இதில் பறவையைப் பார்ப்பதும் காப்பதும் பொருளல்ல, அதன் தூக்கத்தைக் கெடுப்பதுதான் பொருள். அந்தக் கால மருத்துவர்களும் தூக்கமின்மை நோயை 'வாட்ச்சிங்' என்றே எழுதினார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில், இளவரசன் ஹாம்லெட்டுக்கு எப்படிப் பித்துப் பிடித்தது என்று அரசவை ஆலோசகர் போலோனியஸ் படிப்படியாக அடுக்குகிற இடத்தில், சாப்பாடு இறங்காமல் போனதற்கு அடுத்த படியாக 'வாட்ச்' வருகிறது. அங்கே அதற்குத் தூக்கம் போச்சு என்றுதான் அர்த்தம். 15ஆம் நூற்றாண்டு வேட்டைச் சொற்பட்டியல் ஒன்றில் நைட்டிங்கேல் கூட்டத்துக்கும் 'வாட்ச்' என்றே பெயர். இராத்திரியில் விழித்துப் பாடும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பழைய மரவீடுகளின் உத்தரத்துக்குள் 'டிக் டிக்' என்று தட்டும் ஒரு வண்டு உண்டு. இணையைக் கூப்பிடத்தான் அது தட்டுகிறது. சாகக் கிடப்பவர் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் காதில், வீடு அடங்கிய நேரத்தில் அந்தச் சத்தம் விழுந்திருக்கிறது. வண்டுக்கு 'டெத் வாட்ச்' என்று பெயர் வந்தது அதனால்தான். பாவம், வண்டுக்கும் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இதே வேரிலிருந்து சுற்றுவழியில் வந்தது 'வெயிட்'. ஜெர்மானிய மொழிச் சொல் ஒன்று பிரெஞ்சுக்குப் போய், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரர்களோடு இங்கிலாந்துக்குத் திரும்பியது. வந்த புதிதில் அதற்குப் பதுங்கிக் கண்வைத்திருத்தல், காவலிருத்தல் என்றுதான் பொருள். அக்கால நகரங்களில் 'வெயிட்ஸ்' என்று இருந்தவர்கள் இராத்திரி வாத்தியம் ஊதிக்கொண்டு சுற்றிவந்த காவலர்கள். நாளடைவில் காவல் போய் வாத்தியம் மட்டும் மிஞ்சி, நகரத்துச் சம்பளத்தில் வாழும் இசைக்காரர்களாகிவிட்டார்கள். 'வெயிட்டர்' என்றாலும் ஒரு காலத்தில் காவல்காரன்தான். இப்போது தோசைக்கு ஆர்டர் எடுக்கிறார்.

காவல் எப்படிக் காத்திருத்தலாக மாறும் என்று யாரும் திகைக்க வேண்டாம். நம் மொழியைப் பாருங்கள். 'கா' என்றால் காப்பாற்று. காவல், காப்பு, காவலன் எல்லாம் அதில் பிறந்தவை. 'காத்திரு' என்றால்? பஸ்ஸுக்கு நிற்பது. ஆங்கிலம் நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வழியைத் தமிழ் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. "பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று பக்கத்து வீட்டில் விட்டுப்போகும்போது பார்வையும் காவலும் ஒன்றாகிவிடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வார்டு. இதுவும் பழைய ஆங்கிலச் சொல்தான், ஆனால் வேறு வேர். இதன் மையம் பாதுகாப்பு. இதே ஜெர்மானியச் சொல் பிரெஞ்சுக்குப் போனபோது, முன்னால் இருந்த 'வ' ஒலி 'க' ஆகிவிட்டது. அப்படித் திரும்பி வந்ததுதான் 'கார்டு'. ஆகவே ரயில் கடைசிப் பெட்டியில் கொடி காட்டும் கார்டும், ஹாஸ்டல் கேட்டைப் பூட்டும் வார்டனும் ஒரே குடும்பம். இந்த 'வ'-'க' விளையாட்டுக்கு நாம் தினமும் சொல்லும் இன்னொரு ஜோடி உண்டு: மிக்ஸி வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்கிறோமே, வாரண்டியா, கேரண்டியா? அதுவும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புதான், கடைக்காரர் என்ன வித்தியாசம் சொன்னாலும்.

வார்டின் பிள்ளைகுட்டிகள் ஏராளம். துணிகளைக் காக்கும் அலமாரி வார்ட்ரோப். வீட்டைக் காப்பவன் ஸ்டீவர்டு. 'லார்டு' என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் 'ரொட்டியைக் காப்பவன்' என்ற கூட்டுச்சொல், தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. கோர்ட்டில் 'மை லார்டு' என்கிற வக்கீல் வாயில் ஒரு வார்டு ஒளிந்திருக்கிறது. காவலின் கீழ் இருக்கும் குழந்தையும் வார்டு, சிறையில் ஒரு பகுதியும் வார்டு, ஆஸ்பத்திரியில் கட்டில் போட்ட கூடமும் வார்டு. லண்டன் மாநகரின் பழைய பகுதி இன்றும் 25 வார்டுகளாகத்தான் இருக்கிறது. காவலுக்கு ஆள் அனுப்ப வேண்டிய பொறுப்பு அந்தந்த வார்டுக்கு இருந்தது. நம் வார்டு கவுன்சிலர் அந்தச் சொல்லின் வாரிசு. சென்னைக்கு இப்போது 200 வார்டு.

இந்த இரண்டு சொல்லுக்கும் பின்னால் இருக்கும் பெரிய சட்டம் 1285இல் முதலாம் எட்வர்டு போட்ட வின்செஸ்டர் சட்டம். ஏட்டில் இருப்பது பிரெஞ்சு, நடைமுறையில் மக்கள் சொன்னது வாட்ச். அதன்படி, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை மதில் சூழ்ந்த ஊர்களின் வாசல்கள் மூடியிருக்க வேண்டும். இயேசு விண்ணேற்றத் திருநாள் தொடங்கி செப்டம்பர் 29, அதாவது மிக்கேல் திருநாள் வரை, பெருநகரத்தின் ஒவ்வொரு வாசலிலும் 6 பேர், அடுத்த அளவு ஊரில் 12 பேர், சிற்றூரில் ஆள்தொகைக்கு ஏற்ப 6 அல்லது 4 பேர் இரவெல்லாம் காவலிருக்க வேண்டும். அந்நியன் எவனாவது இரவில் வந்தால் பிடித்து விடியும்வரை வைத்திருப்பது. சந்தேகம் இல்லையென்றால் விட்டுவிடுவது, இருந்தால் அரசரின் அதிகாரியான ஷெரிஃபிடம் ஒப்படைப்பது. பிடிபடாமல் ஓடினால் கூச்சல் போட்டு ஊரே துரத்த வேண்டும், அடுத்த ஊர்க்காரர்களும் சேர்ந்துகொள்ள வேண்டும். சந்தை ஊர்களுக்கு நடுவே செல்லும் பெருவழிகளில் இரு பக்கமும் 200 அடிக்குப் புதர் இருக்கக் கூடாது, கொள்ளைக்காரன் ஒளிந்துகொள்வானாம். பெரிய ஓக் மரங்களுக்கு மட்டும் விலக்கு.

இந்தக் காவலுக்குச் சம்பளம் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். வாட்ச் அப்போது உத்தியோகம் அல்ல, முறை. வீட்டுக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் செய்ய வேண்டிய கடமை.

இரவு-பகல் பிரிவினையைத் தெளிவாக எழுதிவைத்தவர் பிளாக்ஸ்டோன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர். 1765இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய சட்ட விளக்க நூலில், கலகக்காரர்களையும் வழிப்பறிக்காரர்களையும் பகலில் பிடிப்பது வார்டு, இரவுக்கு மட்டும் உரியது வாட்ச், ஒன்று முடியும் இடத்தில் மற்றது தொடங்கும் என்கிறார். ஆங்கிலச் சட்டமொழியில் இரட்டைச் சொற்கள் நிறைய. ஆங்கிலம் ஒன்று, பிரெஞ்சு ஒன்று என்று இரண்டு கூட்டத்துக்கும் புரிவதற்காகச் சேர்த்தார்கள் என்று பொதுவாக விளக்குவார்கள். வாட்ச் அண்ட் வார்டுக்கு அந்த விளக்கம் பொருந்தாது, ஏனென்றால் இரண்டுமே பழைய ஆங்கிலம். ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். இரண்டும் 'வ'வில் தொடங்கும் அந்த மோனை இல்லாதிருந்தால் இவ்வளவு காலம் நாக்கில் நின்றிருக்காது. பிற்காலத்தில் பலர் பொருள் தெரியாமல், ஓசைக்காகவே சேர்த்துச் சொன்னார்கள்.

ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தை 'இராக்காவல்' என்கிறோமே, அந்தப் பெயர் அவர் வைத்ததல்ல, பிறகு ஒட்டிக்கொண்டது. மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போனதால் பார்ப்பவர்கள் இரவு என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் அது பகல் காட்சி. அது டச்சு நாட்டுச் சமாசாரம்தான், ஆனாலும் பிளாக்ஸ்டோனிடம் காட்டியிருந்தால் 'இது வாட்ச் இல்லை, வார்டு' என்று திருத்தியிருப்பார்.

சரி, முறைக்காவல் என்ன ஆயிற்று? எல்லா ஊர் முறைக்கும் ஆவதுதான். வசதியுள்ளவர் தனக்குப் பதிலாக ஒருவனுக்குக் காசு கொடுத்து அனுப்பினார். அவனோ வேறு வேலைக்கு ஆகாத கிழவன். 1735 முதல் லண்டன் பேட்டைகள் சில, தனிச் சட்டம் வாங்கி வரி போட்டுக் காவலருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கின. கையில் ஒரு கம்பு, லாந்தர், ஆபத்தென்றால் சுற்றிச் சத்தமெழுப்ப ஒரு மரக் கிலுகிலுப்பை. "பத்து மணி ஆச்சு, வானம் மூடியிருக்கு" என்று மணியையும் வானிலையையும் கூவிக்கொண்டு போவார். திருடனுக்கு அதைவிட வசதி ஏது, காவல்காரர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று காதாலேயே தெரிந்துவிடுமே! உட்கார ஒரு கூண்டு உண்டு. குடித்துவிட்டு வரும் பணக்கார இளைஞர்கள் ஆள் உள்ளே தூங்கும்போது கூண்டைக் கவிழ்த்துவிட்டு ஓடுவதை விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். சார்லி என்பது இந்தக் காவலர்களின் கேலிப்பெயர். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் டாக்பெரி என்ற காவல் தலைவன், தூங்குவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தன் ஆட்களிடம் கேட்பான். விழிப்பு என்ற வேரில் பிறந்த சொல்லுக்கு வந்த கதி!

1829இல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் கொண்டுவந்த சட்டத்தால் லண்டனுக்குப் போலீஸ் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று புதுப் போலீஸ் தெருவில் இறங்கியது. மறுபடியும் மிக்கேல் திருநாள். அது ஆங்கிலேயருக்குக் கணக்குத் தீர்க்கும் நாள், பதவி ஏற்கும் நாள். 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியதும் அதே செப்டம்பர் 29தான். போலீஸ் வந்த பிறகும் வாட்ச் என்ற சொல் உடனே ஓய்வு பெறவில்லை. 1835இன் நகராட்சிச் சட்டம், மற்ற நகரங்களில் போலீஸை மேற்பார்க்க 'வாட்ச் கமிட்டி' அமைக்கச் சொன்னது. அந்தக் கமிட்டிகள் 1964ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் வரும்வரை நீடித்தன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இன்றும் போலீஸ் லாக்கப்புக்குப் பெயர் 'வாட்ச் ஹவுஸ்'.

நிலத்தில் தேய்ந்த சொல் கடலில் உயிரோடு இருக்கிறது. இதில் எனக்கு ஒரு சொந்த அவமானம் உண்டு. மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு கப்பல் கதை கையில் வந்தது. அதில் 'கீழே இருந்த வாட்ச் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது' என்ற பொருளில் ஒரு வரி. கடிகாரம் எப்படித் தூங்கும் என்று ரொம்ப யோசித்து, "கீழ்த்தளத்துக் கடிகாரம் நின்றுபோயிருந்தது" என்று எழுதிவிட்டு, புத்திசாலித்தனமாகச் சமாளித்ததாக நினைத்துக்கொண்டேன். மெய்ப்பு பார்த்த பெரியவர் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தார்: "தம்பி, தூங்கினது ஆளுங்க."

கப்பலில் வாட்ச் என்றால் காவல் நேரமும்தான், அந்த நேரத்துக்கு உரிய ஆட்களும்தான். மாலுமிகள் இரண்டு அணி. ஓர் அணி மேலே வேலை பார்க்கும், மற்றது கீழே தூங்கும். ஒரு வாட்ச் 4 மணி நேரம். அரைமணிக்கொரு தடவை மணற்கடிகையைத் திருப்பி, ஒவ்வொன்றாகக் கூட்டி மணி அடிப்பார்கள். மணியை எட்டுத் தடவை அடித்தால் அணி மாறும். இதில் ஒரு சிக்கல் பாருங்கள். 24 மணியை நாலால் வகுத்தால் 6 வாட்ச். அணி இரண்டு. அப்படியானால் நள்ளிரவு 12 முதல் 4 வரை நிற்கும் கொடுமை தினமும் ஒரே அணிக்குத்தான் விழும். அதனால் மாலை 4 முதல் 8 வரை உள்ள வாட்சை இரண்டாக வெட்டினார்கள். இப்போது மொத்தம் 7, ஒற்றைப்படை. முறை தானாகவே தினமும் மாறிவிடும். வெட்டிய அந்த 2 மணித் துண்டுக்குப் பெயர் 'டாக் வாட்ச்'. இன்று வணிகக் கப்பல்களில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன்களும் போன் எடுக்காவிட்டால் "வாட்ச்ல இருந்தேன்மா" என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். மாலுமிகளின் பயிற்சிக்கும் தகுதிக்குமான 1978ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின் பெயரிலேயே 'வாட்ச்கீப்பிங்' இருக்கிறது.

இப்போது கைக்கடிகாரம். இராக்காவலர்கள் சட்டைப்பையில் வைத்திருந்ததால்தான் அதற்கு வாட்ச் என்று பெயர் வந்தது என்ற கதை அதிகம் உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 16ஆம் நூற்றாண்டில் சிறு கடிகாரம் பிரபுக்களின் நகை. காவலுக்கு நின்ற ஆளுக்குக் கோயில் மணிதான் நேரம். அதற்கும் முன்னால், 15ஆம் நூற்றாண்டிலேயே வாட்ச் என்ற பெயர் கடிகாரத்துக்கு வந்துவிட்டது, தூங்குகிறவரை எழுப்பும் கருவி என்ற பொருளில். அதாவது அலாரம். பிறகு அந்த நூற்றாண்டு கழிந்து இன்னொன்றும் முடியும் தறுவாயில்தான், கையில் எடுத்துப்போகும் சிறு கடிகாரத்துக்குப் பெயராயிற்று. ஆக, வாட்ச்மேன் விழித்திருப்பவர், வாட்ச் விழிக்கவைப்பது. கேள்வி கேட்டவர் தேடிய உறவு இதுதான்.

தமிழ் பைபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. ஆங்கில பைபிளில் 'வாட்ச்' வரும் இடங்களைத் தமிழோடு ஒட்டிப் பாருங்கள். இயேசு கடல்மேல் நடந்து வந்தது இரவின் 'நாலாம் வாட்ச்'. தமிழில் நாலாம் ஜாமம். ரோமர்கள் இரவை நான்காகப் பிரித்துக் காவல் மாற்றியதால், அது விடியலுக்கு முந்தைய 3 மணி நேரம். பெத்லகேம் மேய்ப்பர்கள் மந்தைக்கு 'வாட்ச்' இருந்தார்கள், தமிழில் காத்துக்கொண்டிருந்தார்கள். கெத்செமனேயில் சீடரிடம் 'வாட்ச்' பண்ணச் சொன்னார். தமிழில் விழித்திருக்கச் சொன்னார். நேரம், காவல், விழிப்பு என்று ஆங்கிலம் ஒரே பைக்குள் போட்டுவைத்ததைத் தமிழ் மூன்று சொல்லாகப் பிரித்து இடம் பார்த்து வைத்திருக்கிறது. டிசம்பர் 31 இரவு சர்ச்சுகளில் நடக்கும் 'வாட்ச் நைட் சர்வீஸ்' 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகள் பரப்பிய வழக்கம். அந்த வாட்சுக்கும் கடிகாரம் 12 அடிப்பதற்கும் சம்பந்தமில்லை. தூங்காமல் ஜெபிப்பது, அவ்வளவுதான்.

கடைசியாக, இந்தச் சொல்ஜோடி நம்மூருக்கு வந்த கதை. ரயில்வேயில் சரக்கைக் காக்கும் பிரிவுக்கு முன்பு 'வாட்ச் அண்ட் வார்டு' என்றுதான் பெயர். 1957இல் தனிச் சட்டம் வந்து ரயில்வே பாதுகாப்புப் படை ஆன பிறகும் பழைய ஊழியர்கள் வாயில் அந்தப் பெயர் போகவில்லை. டெல்லி கதை வேறு. 1929 ஏப்ரல் 8 அன்று பகத் சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் மத்தியச் சட்டசபைக்குள் குண்டு வீசினார்கள். சபைத் தலைவராக இருந்த வித்தல்பாய் படேல், சபைக்கென்று, சபைத் தலைவரின் சொல்லுக்கு மட்டும் கட்டுப்பட்ட காவல் வேண்டும் என்று நின்று, அதே ஆண்டில் 'வாட்ச் அண்ட் வார்டு' பிரிவை அமைத்தார். நாடாளுமன்றத்தில் 2009இல் அந்தப் பெயரை மாற்றி நாடாளுமன்றப் பாதுகாப்புப் பணி என்று வைத்தார்கள். கேரளச் சட்டசபையில் இன்றும் பழைய பெயரே ஓடுகிறது. தமிழில் எழுதும்போது 'அவைக் காவலர்' என்று போட்டால் போதும், இரண்டு சொல்லையும் பெயர்க்கிறேன் என்று முயன்று 'காவல் மற்றும் கண்காணிப்பு' என்றெல்லாம் எழுத வேண்டாம். பிளாக்ஸ்டோன் கணக்கில் பார்த்தால், சபை நடக்கும்போது உறுப்பினரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே கொண்டுவந்து விடுகிறவர்கள் செய்வது வார்டு மட்டும்தான். எல்லாரும் போன பிறகு, பூட்டின கட்டடத்தை டார்ச்சோடு சுற்றிவருகிறவர்தான் வாட்ச்.